எல்லை தாண்டும் கம்பி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

காற்றாலையும் சோலாரும் பெருகிய நாடுகள் ஏன் பக்கத்து நாடுகளோடு மின்கம்பியால் கைகோக்கின்றன, அதில் நமக்கென்ன என்று பழைய வடாற்காடு வட்டாரத்திலிருந்து வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளும், அவற்றுக்கான பதில்களும் இங்கே.

எங்கள் வீட்டு மாடியில் சோலார் போட்டிருக்கிறோம். பகலில் மிஞ்சுகிறது, ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஈ.பி. கரண்ட்தான். ஒரு நாடே இப்படி ஆகிவிட்டால், பக்கத்து நாட்டுக்குக் கம்பி இழுத்து என்ன பயன்? கம்பி மின்சாரத்தைச் சேமித்து வைக்குமா?
*பாலிடெக்னிக் மாணவி, காட்பாடி*

கம்பி ஒரு யூனிட்டைக்கூடச் சேமிக்காது, உற்பத்தியும் செய்யாது. இந்த முனையில் நுழைவது அதே கணத்தில் அந்த முனையில் செலவாகியே தீர வேண்டும். சேமிப்பு நடப்பது அந்தப் பக்கத்து அணையில்.

நார்வேயின் டான்ஸ்டாட்டையும் ஜெர்மனியின் வில்ஸ்டரையும் இணைக்கும் நார்ட்லிங்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. நீளம் 623 கிலோமீட்டர், பெரும்பகுதி கடலடியில். கொள்ளளவு 1,400 மெகாவாட். ஜெர்மனியில் காற்று பலமாக அடிக்கும் நாளில் அங்கே விலை சரியும். உடனே 1,400 மெகாவாட் வடக்கே போகும். நார்வே அதே அளவுக்குத் தன் நீர்மின் டர்பைன்களைக் குறைத்துக்கொள்ளும். அணைத் தண்ணீர் அப்படியே நிற்கும். ஒரு முழு நாள் இப்படி ஓடினால் 3 கோடியே 36 லட்சம் யூனிட். 500 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீரில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 800 லிட்டர் தேவை என்று கணக்குப் போட்டால், எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று தெரியும். மறுநாள் காற்று ஓய்ந்ததும் அந்தத் தண்ணீரைத் திறந்து தெற்கே அனுப்புவார்கள்.

இதில் பம்புக்கு வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள். நம் ஆனைமலைப் பக்கம் உள்ள காடம்பாறை 400 மெகாவாட் நீரேற்று நிலையம் போன்ற ஏற்பாட்டில், 100 யூனிட் செலவழித்துத் தண்ணீரை மேலே ஏற்றினால் திரும்பக் கிடைப்பது சுமார் 75 முதல் 80 யூனிட். கம்பி வழியில் போகும்போது நூற்றுக்கு நான்கைந்து, வரும்போது நான்கைந்து என்றுதான் இழப்பு. நார்வேயின் நீர்த்தேக்கங்கள் நிரம்பினால் 8,000 கோடி யூனிட்டுக்கு மேல் கொள்ளும். அந்த அளவுக்கு பேட்டரி வாங்க எந்த நாட்டாலும் இப்போதைக்கு முடியாது.

எல்லா நீர்மின்சாரத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நேபாளத்தின் நிலையங்களில் பெரும்பாலானவை ஓடுகிற ஆற்று நீரிலேயே சுழல்பவை. இன்று விடாத தண்ணீரை நாளைக்கென்று வைத்துக்கொள்ள அங்கே பெரிய அணைகள் குறைவு. ஆகவே நேபாளத்தோடும் பூட்டானோடும் நமக்குள்ள கொடுக்கல் வாங்கல் பருவத்தை ஒட்டியது. மழைக்காலத்தில் அங்கே மிஞ்சுவது இங்கே வருகிறது, குளிரில் ஆறு சுருங்கும்போது இங்கிருந்து அங்கே போகிறது. காலையில் வாங்கி மாலையில் திருப்பும் நார்வே வேலையை அவர்களிடம் அதே அளவில் எதிர்பார்க்க முடியாது. வானிலையோ பருவமோ நேரமோ, இரண்டு கரைக்கும் ஏதாவது ஒன்று வேறுபட வேண்டும். அந்த வேறுபாடு இல்லையென்றால் கம்பி வெறும் செலவு.

இலங்கை கண்ணுக்கு எட்டும் தூரம். சாதாரண ஏசி லைனையே கடலுக்கடியில் கேபிளாகப் போட்டால் ஆகாதா? எதற்கு டிசி, அதற்குக் கோடிக்கணக்கில் கன்வர்ட்டர்?
*ஓய்வுபெற்ற லைன்மேன், திருவலம்*

மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி: ஏசி திசை மாறி மாறி ஓடும் மின்சாரம், டிசி ஒரே திசையில் ஓடுவது, ஒன்றை மற்றொன்றாக்குவது கன்வர்ட்டர். டிசி வேண்டும் என்பதற்கு இரண்டு காரணம் உண்டு. பலரும் முதல் காரணத்தை மட்டும் சொல்வார்கள். இலங்கை விஷயத்தில் பெரியது இரண்டாவதுதான்.

முதலாவது, கேபிள் தனக்கே தின்றுகொள்ளும் கரண்ட். ஆகாயத்தில் போகும் லைனில் கம்பிக்கும் தரைக்கும் இடைவெளி அதிகம். கேபிளில் கடத்திக்கும் ஈயக் கவசத்துக்கும் நடுவே சில சென்டிமீட்டர் காப்புதான். அது நீளமான ஒரு கப்பாசிட்டர். ஏசியில் நொடிக்கு ஐம்பது சுற்று அதை நிரப்பிக் காலி செய்துகொண்டே இருக்க வேண்டும். 220 கிலோவோல்ட் கேபிளில் கிலோமீட்டருக்கு 0.2 மைக்ரோஃபாரட் என்று வைத்தால், ஒரு கிலோமீட்டருக்கு 8 ஆம்பியர் இதற்கே போகும். 100 கிலோமீட்டருக்கு 800 ஆம்பியர். அந்தக் கேபிள் தாங்குவதே ஆயிரத்தை ஒட்டித்தான். பயனுள்ள மின்சாரத்துக்கு இடம் வெகுவாகச் சுருங்கிவிடும். நடுக்கடலில் ரியாக்டர் (இந்தக் கரண்டை ஈடுகட்டும் கம்பிச்சுருள்) வைப்பதும் எளிதல்ல. டிசியில் கேபிளை ஒருமுறை நிரப்பினால் போதும்.

ஆனால் பாக் நீரிணையில் கடல் தூரம் குறைவு. அந்தத் தூரத்துக்கு ஏசி கேபிளே தாங்கும். தடுப்பது வேறு. இந்திய மின்கட்டமைப்பு (கிரிட்) 2024 மே 30 அன்று 2,50,000 மெகாவாட் தேவையைத் தாங்கியது. இலங்கையின் இரவு உச்சம் 3,000 மெகாவாட்டுக்குள். இரண்டையும் ஏசியில் கட்டினால் இரண்டும் ஒரே அதிர்வெண்ணில், ஒரே தாளத்தில் சுழல வேண்டும். இந்தப் பக்கம் எங்கோ ஒரு பெரிய நிலையம் டிரிப் ஆனால் அதன் குலுக்கல் முழுக்க அந்த ஒற்றைக் கேபிள் வழியே பாயும். யானையையும் கன்றுக்குட்டியையும் ஒரே நுகத்தில் பூட்டிய கதைதான். டிசி கம்பியில் எத்தனை மெகாவாட், எந்தத் திசையில் என்று நாம் சொன்னதுதான் போகும். தாளம் அவரவர்க்கு.

இது நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கே கிரிட் விழுந்தது. இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து இருண்டன. தென்மாநிலங்கள் தப்பின. அப்போது தெற்குக்கும் மற்ற மண்டலங்களுக்கும் நடுவே இருந்த பெரிய இணைப்புகள் டிசிதான். ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து வரும் லைன் நமக்கு மேற்கே கோலாரில் இறங்குகிறது. ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியே தெற்கும் ஒரே தாளத்துக்கு வந்தது 2013 டிசம்பர் 31 அன்று. அதே காலத்தில் தமிழ்நாட்டில் இருந்த நீண்ட மின்வெட்டுக்கு ஒரு காரணம், வடக்கே மின்சாரம் கிடைத்தபோதும் தெற்கே கொண்டுவர லைன் போதாமல் இருந்தது. உங்கள் திருவலம் 765 கிலோவோல்ட் நிலையமும் கோபுர வரிசைகளும் அந்தக் குறையைத் தீர்க்க எழுந்த கட்டமைப்பில் சேர்ந்தவை.

கன்வர்ட்டர் நிலையத்துக்குள் என்னதான் இருக்கிறது? படமாக மனதில் பதியும்படி சொல்லுங்கள்.
*பிளஸ் டூ மாணவர், குடியாத்தம்*

ஏசி லைன் வந்து சேரும் இடத்திலிருந்து உள்ளே நடந்து போவோம். முதலில் வரிசையாக ஃபில்டர்கள். கன்வர்ட்டர் ஏசி அலையைச் சிதைத்து வெளியே துப்பும் கசட்டை இவை உறிஞ்சும். அடுத்து கன்வர்ட்டர் டிரான்ஸ்ஃபார்மர். சாதாரண டிரான்ஸ்ஃபார்மரைவிடக் காப்பு கனமானது, ஏனென்றால் அதன் ஒரு பக்கச் சுற்று டிசி அழுத்தத்தையும் தாங்குகிறது. இந்தத் தொழிலில் வாங்கவும் மாற்றவும் நெடுநாள் பிடிக்கும் பொருள் இதுதான். எனவே உதிரியாக ஒன்றை நிலையத்திலேயே வைத்திருப்பார்கள். அதன் புஷ்ஷிங்குகள் (கம்பியைச் சுற்றிய காப்புக் குழல்கள்) சுவரைத் துளைத்துக்கொண்டு வால்வு ஹாலுக்குள் நீளும்.

வால்வு ஹால் மாடிக் கட்டடம் அளவுக்கு உயரமான, தூசி புகாத, சுற்றிலும் உலோகத் தகடு போர்த்திய கூடம். கூரையிலிருந்து தொங்கும் அடுக்குகளில் நூற்றுக்கணக்கான தைரிஸ்டர்கள், அதாவது ஏசியை டிசியாக்கும் சிலிக்கான் சுவிட்சுகள். இந்த அடுக்குகளைத்தான் வால்வு என்கிறார்கள். சூட்டைத் தணிக்க உப்பு நீக்கிய தூய நீர் குழாயில் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நீரில் உப்பு கொஞ்சம் ஏறினாலும் அதுவே மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், நீரின் கடத்துதிறன் வரம்பை மீறினால் நிலையம் தானே நின்றுவிடும். பெரிய கோளாறுகளைவிட, ஒரு நீர் இணைப்பில் கசிவு, ஒரு புஷ்ஷிங்கில் அழுக்கு என்ற சின்ன விஷயங்களில்தான் பராமரிப்பு ஆட்கள் கண்ணாக இருக்க வேண்டியிருக்கிறது. வெளியே வந்தால் டிசியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் சுருளான ஸ்மூத்திங் ரியாக்டர், டிசி அளவீட்டுக் கருவிகள், பிறகு லைன்.

ராணிப்பேட்டையில் பெல் ஆலை செய்யும் மின்னியல் தூசு வடிப்பானை உங்கள் வீட்டில் யாரேனும் பார்த்திருந்தால் பாதி புரிந்த மாதிரிதான். அதிலும் ஏசியை உயர்த்தி, திருத்தி, பல்லாயிரம் வோல்ட் டிசியாக்கித்தான் சாம்பலைப் பிடிக்கிறார்கள். இங்கே அளவு பெரியது. தவிர மறுமுனையில் டிசியை மீண்டும் ஏசியாக்க வேண்டும்.

இன்னொரு பொருள், தரை எலெக்ட்ரோடு. டிசி இணைப்பின் பிளஸ், மைனஸ் என்ற இரண்டு துருவத்தில் ஒன்று பழுதானால், மற்றொன்றைக் கொண்டு பாதிச் சுமையை ஓட்ட நிலத்தையே திரும்பும் பாதையாக்குவார்கள். நிலையத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளித்தான் அதைப் புதைக்க வேண்டும். பக்கத்தில் இரும்புக் குழாய் இருந்தால் அரித்துவிடும், டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரலுக்குள் டிசி ஏறி அதன் இரும்பு மையத்தைக் காந்தத்தால் நிறைத்துவிடும்.

வால்வில் இரண்டு குலம் உண்டு. தைரிஸ்டர் பழைய குலம். அதைத் திறக்க நம்மால் முடியும், மூட அது இணைந்திருக்கும் ஏசி கட்டமைப்பின் வோல்டேஜ்தான் உதவ வேண்டும். ஐஜிபிடி என்ற டிரான்சிஸ்டர் வகை சுவிட்ச் புதிய குலம். அந்த வால்வுகளைத் திறக்கவும் மூடவும் நம் கையால் முடியும். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து 6,000 மெகாவாட் சுமந்து 1,700 கிலோமீட்டருக்கு மேல் வரும் 800 கிலோவோல்ட் லைன் புகலூரில் தைரிஸ்டரில் முடிகிறது. அதே புகலூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் 320 கிலோவோல்ட், 2,000 மெகாவாட் இணைப்பு ஐஜிபிடி. இரண்டு குலத்தையும் ஒரே ஊரில் வைத்துப் படிக்கலாம்.

எங்கள் ஷூ தொழிற்சாலையில் ஒரு கண்ணிமைப்பு வோல்டேஜ் இறங்கினாலே தையல் வரிசை முழுக்க நின்றுவிடுகிறது. ஆயிரம் மெகாவாட் கம்பி ஒன்று திடீரென்று அறுந்தால் என்ன ஆகும்?
*மின்பிரிவு மேற்பார்வையாளர், ஆம்பூர்*

அந்த ஆயிரம், எந்தக் கட்டமைப்பில் எத்தனை பங்கு என்பதுதான் கேள்வி. பங்களாதேஷ் 2014 நவம்பர் 1 அன்று இதைப் பட்டு அறிந்தது. பேராமாரா கன்வர்ட்டர் நிலையம் வழியே இந்தியாவிலிருந்து 444 மெகாவாட் வந்துகொண்டிருந்தது. அது டிரிப் ஆனது. அன்றைய ஓட்டத்தில் அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அதிர்வெண் சரிந்து, நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகி, நாடு முழுக்க இருண்டது. அந்த இணைப்பு 2018இல் 1,000 மெகாவாட்டாக விரிவடைந்தது.

நொடிக் கணக்கில் பார்த்தால் நடப்பது இது. முதல் இரண்டு மூன்று நொடி, சுழலும் ஜெனரேட்டர்களின் எடையே தாங்கும். அவற்றின் வேகம் குறையும், அதிர்வெண் இறங்கும். அரை நிமிடத்துக்குள் டர்பைன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர்கள் நீராவியையும் தண்ணீரையும் கூடுதலாகத் திறக்கும். அடுத்த சில நிமிடங்களில் கட்டுப்பாட்டு மையம் கையிருப்பு நிலையங்களை ஏற்றும். இந்தியாவில் சாதாரண வரம்பு 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ். 49.4க்குக் கீழே போனால் ரிலேக்கள் (காவல் கருவிகள்) தாமாகவே ஃபீடர்களை, அதாவது ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன்களை, வெட்டத் தொடங்கும். சோலார் இன்வெர்ட்டருக்குச் சுழலும் எடை கிடையாது. எனவே சோலார் கூடிய நடுப்பகலில் முதல் இரண்டு மூன்று நொடியின் தாங்குசக்தி குறைந்து, சரிவு வேகமாகும்.

இதனால்தான் எல்லை தாண்டும் இணைப்பை இரண்டு துருவமாக, ஒன்று போனாலும் மற்றொன்று நிற்கும்படி அமைக்கிறார்கள். சின்ன கட்டமைப்பில், அந்த நேரத்துக் கையிருப்பு எவ்வளவோ அதற்கு மேல் ஒரு துருவத்தில் ஏற்றக் கூடாது என்று ஒழுங்கும் வைக்கிறார்கள். ‘ஆயிரம் மெகாவாட் கேபிள்’ என்று செய்தியில் படித்தால், எல்லா நேரமும் ஆயிரம் ஓடும் என்று நினைக்க வேண்டாம்.

கடலடிக் கேபிளுக்கு இன்னொரு ஆபத்து, பழுது நீளும் காலம். டாஸ்மேனியாவை ஆஸ்திரேலிய நிலப்பரப்போடு இணைக்கும் பாஸ்லிங்க் 2015 டிசம்பரில் கடலுக்குள் பழுதானது, 2016 ஜூனில்தான் திரும்பியது. அதே நேரம் அந்தத் தீவில் வறட்சி. நீர்த்தேக்கங்கள் 13 சதவீதத்துக்குக் கீழே போய், டீசல் ஜெனரேட்டர்களை இறக்கி ஓட்டினார்கள். பின்லாந்து – எஸ்டோனியா நடுவே உள்ள 650 மெகாவாட் எஸ்ட்லிங்க்-2 2024 டிசம்பர் 25 அன்று அறுந்து, மறுவருடம் ஜூனில் சேவைக்கு வந்தது. கப்பல் நங்கூரம் இழுத்ததாக விசாரணை நடந்தது. ஏன் இத்தனை மாதம்? துடிப்பு அனுப்பி, அது திரும்பும் நேரத்தை வைத்துப் பழுதின் தூரத்தைக் கணிக்க வேண்டும். கேபிள் கப்பல் கிடைக்க வேண்டும். கடல் அடங்க வேண்டும். கேபிளைத் தூக்கி, நீர் ஊறிய நீளத்தை முழுக்க வெட்டி எறிய வேண்டும். பிறகு உதிரிக் கேபிளை நடுவில் வைத்து இரண்டு இணைப்பு போட வேண்டும். கப்பல் தளத்திலேயே தூசியற்ற கூடாரத்துக்குள் ஒவ்வோர் இணைப்புக்கும் நாட்கணக்கு ஆகும். அவசரப்பட்டுக் கொஞ்சம் ஈரம் உள்ளே போனால் மறுபடியும் அதே இடத்தில் வெடிக்கும். உதிரிக் கேபிளைத் திட்டத்தோடேயே வாங்கி வைக்காதவர்கள் பிறகு ஆலை வரிசையில் காத்திருக்க வேண்டியதுதான்.

உங்கள் தையல் வரிசைக்கு வருவோம். அந்தக் கண்ணிமைப்பு பெரும்பாலும் பக்கத்து லைனில் விழுந்த இடியோ மரக்கிளையோதான். கோடைமழைக் காலத்தில் அடிக்கடி வருவது அதனால்தான். இயந்திரம் நிற்கக் காரணம் மோட்டார் அல்ல, கன்ட்ரோல் பேனலில் மோட்டாரை இணைத்துவிடும் காந்தச் சுவிட்சான கான்டாக்டரின் காயில். வோல்டேஜ் 60, 70 சதவீதத்துக்கு இறங்கினால் பல காயில்கள் விட்டுவிடும். கன்ட்ரோல் சர்க்யூட்டை மட்டும் ஒரு சின்ன யூபிஎஸ்ஸில் மாற்றுங்கள். டிரைவ்களில் வோல்டேஜ் திரும்பியதும் தானே தொடரும் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் ஆள் கைவைக்கும் இயந்திரத்துக்கு அதைப் போடவே கூடாது.

அந்த இடி கன்வர்ட்டர் நிலையத்துக்கு அருகே விழுந்தால் தைரிஸ்டருக்கும் இதே கதி. மூடுவதற்கு ஏசி வோல்டேஜை நம்பியிருப்பதால், வோல்டேஜ் சரிந்ததும் ஒரு வால்வு மூடாமல் நின்று, இணைப்பின் மின்சாரம் ஒரு நொடியின் பத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரத்துக்குச் சுழியாகும். ஐஜிபிடியில் இந்த நோய் இல்லை. மெலிந்த கட்டமைப்போடு இணைக்க ஐஜிபிடியையே நாங்கள் பரிந்துரைப்போம், விலை கூடினாலும்.

போன வருஷம் ஸ்பெயின் முழுக்க கரண்ட் போனதே, அது சோலாரால்தானா? பக்கத்து நாட்டுக்கு இன்னும் நாலு லைன் இருந்திருந்தால் தப்பியிருக்குமா?
*கல்லூரி விரிவுரையாளர், வாலாஜாபேட்டை*

2025 ஏப்ரல் 28, அங்கே பகல் 12.33. நிபுணர் குழு கண்டது, வோல்டேஜ் குறைந்து அல்ல, கூடிக்கூடி விழுந்த தொடர் சரிவு. ஓர் இடத்தில் வோல்டேஜ் வரம்பு மீறியதும் அங்கிருந்த உற்பத்தி நிலையங்கள் தற்காப்புக்கு விலகின. அவை விலகியதால் வோல்டேஜ் இன்னும் ஏறியது. நொடிகளில் பிரான்சோடு இருந்த ஏசி லைன்கள் தாளம் தப்பி டிரிப் ஆயின. டிசி இணைப்பு அந்த நேரம் மாறாத அளவு மின்சாரத்தை பிரான்சுக்கு அனுப்பும்படி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே பற்றாக்குறை வந்த அந்தக் கணத்திலும் அது வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. இணைப்பு இருந்தால் மட்டும் போதாது, அதைக் கட்டுப்படுத்தும் முறையும் சரியாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

அதிர்வெண் கட்டமைப்பு முழுவதற்கும் ஒன்று. வோல்டேஜ் தெருவுக்குத் தெரு வேறு. நம் ஊரிலேயே டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து வீட்டில் பல்பு பளிச்சென்றும் கடைசி வீட்டில் மங்கலாகவும் எரிவதைப் பார்க்கிறோம். வோல்டேஜைப் பிடித்து வைக்கும் ரியாக்டிவ் பவர் நெடுந்தூரம் பயணப்படாது. அதை அந்தந்த இடத்திலேயே கொடுக்கவோ உறிஞ்சவோ வேண்டும். சோலார் நிலையங்களை அந்த வேலையைச் செய்யும்படி அமைக்க முடியும். ஸ்பெயினில் பெரும்பாலானவை, வோல்டேஜ் எப்படி மாறினாலும் ரியாக்டிவ் பவரை உற்பத்தியோடு நிலையான விகிதத்தில் வைத்து ஓடும்படி விதிக்கப்பட்டிருந்தன. ஆகவே சோலார் என்ற பொருளைவிட, அதற்கு வகுத்த விதியைத்தான் குறை சொல்ல வேண்டும். நாலு லைன் கூடுதலாக இருந்தால் தாளம் தப்புவது கடினமாகியிருக்கும், வோல்டேஜ் ஏற்றத்தை அவற்றால் மட்டுமே நிறுத்தியிருக்க முடியாது.

ஆனால் விழுந்த பிறகு எழுப்பியதில் இணைப்புகளுக்குப் பெரும் பங்கு. பிரான்சிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் மின்சாரம் வாங்கி எல்லையோர நிலையங்களை முதலில் உயிர்ப்பித்து, உள்நாட்டு நீர்மின் நிலையங்களைத் தனித்தனித் தீவுகளாகக் கிளப்பி, பிறகு ஒன்றோடொன்று கோத்தார்கள். மறுநாள் விடியற்காலைக்குள் ஸ்பெயினின் பெருங்கட்டமைப்பு மீண்டது.

நமக்கே பத்தாத நேரத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு நம் தலையில் விலையைக் கட்டுவார்களா?
*விவசாயி, ஆற்காடு*

நியாயமான பயம்தான். இந்திய மின்சந்தையில் ஒரு நாளை 15 நிமிடம் வீதம் 96 துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் தனி விலை. எல்லை தாண்டிய வணிகத்துக்கு 2019இல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விதிமுறை வகுத்திருக்கிறது. விலை குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குப் போவதுதான் இயல்பு. பகலில் இங்கே யூனிட் 2 ரூபாய், அங்கே 8 ரூபாய் என்று வைத்தால், 500 மெகாவாட் ஒரு மணி நேரம் போனால் 5 லட்சம் யூனிட், வித்தியாசம் 30 லட்சம் ரூபாய். மாலையில் அங்கே அணைத் தண்ணீர் இருந்து இங்கே விலை ஏறினால் அதே கம்பி திரும்பும்.

லாபம் எல்லாருக்கும் சமமாக வராது. மலிவான பக்கத்து உற்பத்தியாளருக்கு நல்ல விலை. அதே பக்கத்து நுகர்வோருக்கு விலை கொஞ்சம் ஏறும். தெற்கு நார்வேயில் 2021, 2022இல் விலை ஏறியபோது மக்கள் கேபிள்களைத்தான் கைகாட்டினார்கள். அரசு மானியம் கொடுக்க வேண்டியிருந்தது. கம்பி ஈட்டும் வருமானத்தில் நுகர்வோருக்குப் பங்கு எப்படி என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறதா என்று கேட்பது நம் உரிமை.

எங்கள் தறிக்கூடத்தில் வெயில் காலத்து மத்தியானத்தில் வோல்டேஜ் சுத்தமாக இறங்கிவிடுகிறது. இந்தக் கம்பி வந்தால் சரியாகுமா?
*பட்டு நெசவாளர், ஆரணி*

ஆகாது. அது உங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் மீதான சுமை, ஃபீடரின் நீளம், கம்பியின் தடிமன் பற்றியது. கூடுதல் டிரான்ஸ்ஃபார்மருக்கு பக்கத்துக் கூடத்தாரோடு சேர்ந்து பிரிவு அலுவலகத்தில் மனு கொடுங்கள். மோட்டார்களுக்குச் சரியான கப்பாசிட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்தியா – இலங்கை இணைப்பு வந்தால் நம் காற்றாலை மின்சாரம் வீணாகாமல் இருக்குமா?
*பொறியாளர், திருப்பத்தூர்*

2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் இரு அரசுகளும் டிசி இணைப்புக்கான புரிந்துணர்வில் கையெழுத்திட்டன. முன்பு பேசப்பட்ட யோசனை மதுரை – அனுராதபுரம், முதலில் 500 மெகாவாட், பிறகு 1,000.

காற்றுக்காக மட்டும் என்றால் அவ்வளவாக உதவாது. ஆரல்வாய்மொழியிலும் மன்னாரிலும் வீசுவது ஒரே தென்மேற்குப் பருவக்காற்று. இங்கே மிஞ்சும் ஆடி மாதத்தில் அங்கேயும் மிஞ்சும். இரு நாட்டுக்கும் கடிகாரமும் ஒன்று, சூரிய உச்சமும் ஒன்று. முதல் பதிலில் சொன்ன வேறுபாடு இந்த இரண்டிலும் கிடைக்கவில்லை.

வேறுபாடு அங்குள்ள மலைநாட்டு நீரில் இருக்கிறது. இலங்கையின் நீர்த்தேக்கங்களுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. பகலில் இங்கிருந்து சோலார் போனால் அங்கே தண்ணீர் நிற்கும், எண்ணெய் எரிப்பது குறையும். அந்தத் தண்ணீர் மாலையில் இருபக்க உச்சத்துக்கும் உதவும். இன்னொன்று, அவசரத் துணை. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கால் வந்த பழுதில் இலங்கை முழுக்க இருண்டது. ஞாயிறு என்பதால் தேவை குறைவு, சோலாரின் பங்கு கூடுதல், சுழலும் எடை குறைவு. அந்த ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் மாடி சோலாரைப் பகலில் அணைத்து வைக்கும்படி மக்களைக் கேட்டார்கள். அதிர்வெண்ணைக் கவனித்து நொடியின் சிறு பங்கில் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐஜிபிடி இணைப்பு இருந்தால், அப்படிப்பட்ட பழுதில் சரிவைத் தடுக்கவும், விடுமுறை நடுப்பகலில் மிஞ்சியதை வெளியே அனுப்பவும் முடியும்.

நம் காற்றாலை நிறுத்தப்படாமல் இருக்க முதல் வேலை உள்ளே இருக்கிறது. கயத்தாறு, தப்பகுண்டு 400 கிலோவோல்ட் நிலையங்கள் எழுந்தது அதற்குத்தான். ஜெர்மனியைப் பாருங்கள்: நார்ட்லிங்க் வடக்கே வந்து இறங்குகிறது, ஆலைகள் தெற்கே. நடுவே ஓட வேண்டிய 4,000 மெகாவாட் சூட்லிங்க் டிசி இணைப்பு 2028இல் முடியும் என்கிறார்கள். அதுவரை எல்லைக் கேபிளை அடிக்கடி குறைத்தே ஓட்ட வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் வீட்டிலிருந்தே பார்க்க வழி உண்டா?
*பள்ளி அறிவியல் ஆசிரியை, சோளிங்கர்*

உண்டு, செலவே இல்லை. கிரிட் இந்தியாவின் இணையதளத்தில் நாட்டின் அதிர்வெண் நேரலையாக ஓடும். வகுப்பில் ஒரு வாரம் காலை 7, பகல் 12, மாலை 7 மணிக்கு மாணவர்களைக் குறிக்கச் சொல்லுங்கள். நாடு முழுக்க ஒரே எண் என்பதால், சோளிங்கரில் எடுத்த குறிப்பு அசாமில் எடுத்ததோடு பொருந்தும்.

அதே தளத்தில் தேசியச் சுமைப் பகிர்வு மையத்தின் தினசரி அறிக்கை வரும். அதில் அண்டை நாடுகளோடு நடந்த பரிமாற்றம் என்று ஒரு சிறிய அட்டவணை இருக்கும்: பூட்டான், நேபாளம், பங்களாதேஷ், மில்லியன் யூனிட்டில். கூட்டல் என்றால் இந்தியா வாங்கியது, கழித்தல் என்றால் கொடுத்தது. ஜூலையில் ஒரு நாளையும் ஜனவரியில் ஒரு நாளையும் எடுத்து பூட்டான் வரியைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடச் சொல்லுங்கள். ஜூலையில் கூட்டலாக நிற்கும் எண் ஜனவரியில் கழித்தலாகிவிடும். இமயமலை ஆறுகளில் எப்போது தண்ணீர் ஓடுகிறது என்று வரைபடத்தில் காட்டி, அதற்குப் பக்கத்தில் இதை ஒட்டுங்கள்.